சளிதானே என்று காத்திருக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர். நான்கு நாளாக இருமல், லேசான காய்ச்சல். நேற்று ராத்திரி "இது யார் வீடு?" என்று கேட்டார். சாப்பாடும் இறங்கவில்லை. ஆக்சிமீட்டர் 92 காட்டுகிறது. மலையில் அப்படித்தான் காட்டும் என்கிறார்கள். மெடிக்கலில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மூன்று வேளை ஆயிற்று. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நிமோனியா என்று சந்தேகம் வந்தால் டாக்டர்கள் முதலில் நான்கு விஷயம் பார்ப்பார்கள்: வயது 65 அல்லது அதற்கு மேல், புதிதாக வந்த குழப்பம், நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, குறைந்த ரத்த அழுத்தம். உங்கள் அம்மாவிடம் இரண்டு ஏற்கெனவே இருக்கின்றன. வயதானவர்களுக்குக் காய்ச்சல் கொதிக்க வேண்டும் என்பதில்லை; குழப்பமும் பசியின்மையும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம்.

வண்டி வருவதற்குள் மூச்சை எண்ணுங்கள். எண்ணுவதாக அவரிடம் சொல்ல வேண்டாம், தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். கம்பளியை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் பாருங்கள். 20-க்குள் இருப்பதே இயல்பு.

ஆக்சிமீட்டர் விஷயம். உயரத்தில் அளவு சற்றுக் குறையும், உண்மைதான். ஆனால் கோத்தகிரி உயரத்தில், நோயாளிக்கு 92 என்றால் அதை மலையின் கணக்கில் எழுதக் கூடாது. விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும். கையைச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம், குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு உயிரைப் பறிக்கிற நேரத்திலும் ஆக்சிமீட்டர் நல்ல அளவையே காட்டும்.

ஆஸ்பத்திரியில் மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை செய்வார்கள். ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் 5 நாளாவது தேவைப்படும். இருமல் அடங்கச் சில வாரமாகலாம்.

தோட்டத்துக்குப் போகிறவர் என்பதால், அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் (புதர்களில் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) ஆக இருக்கலாம். நிமோனியாவுக்கு வழக்கமாகத் தரும் அமாக்ஸிசிலின் அதற்குக் கேட்காது, டாக்ஸிசைக்ளின் வேண்டும். டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

மெடிக்கலில் வாங்கிய மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். அது லெவோஃப்ளாக்ஸசினாக இருந்தால் காசநோயைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும். சளிப் பரிசோதனை தேவையா என்று டாக்டர் முடிவு செய்ய அந்த அட்டை வேண்டும்.