சைக்கிள் கேள்வி – பதில்

? அப்பா காலத்து ஸ்டீல் ரேஸ் சைக்கிள். செயின்வீல் (பெடல் பக்கத்துப் பற்சக்கரங்கள்) 52-42 பல், பின்னால் 6 கியர் ப்ரீவீல் (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு, 14-28 பல்), கிளிக் இல்லாத கியர் லீவர். புதுச் செயின் போட்டும் அழுத்தி மிதித்தால் நழுவுகிறது. மொத்தமாக 11 கியருக்கு மாறிவிடலாமா?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

செயின் மேல் பழி இல்லை. பழைய செயின் நீண்டு, தன் நீளத்துக்கேற்பப் பல்லைத் தேய்த்துவிட்டது. புதுச் செயின் அதில் உட்காராமல் ஏறித் தாவுகிறது. அதிகம் ஓட்டிய பற்சக்கரத்தில்தான் நழுவும், கவனியுங்கள். ப்ரீவீலை மாற்றினால் போதும். செயினின் உள் அகலம் 3/32 அங்குலம்தானா என்றும் பாருங்கள்; சாதா சைக்கிளின் 1/8 அங்குலச் செயின் கியருக்கு ஆகாது.

11 கியருக்குப் பின் அச்சு அகலம் 130 மி.மீ. வேண்டும்; உங்களுடையது பெரும்பாலும் 126. ஸ்டீல் பிரேமை விரிக்கலாம்தான். ஆனால் சக்கரம், டீரெய்லர் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கருவி), லீவர் எல்லாம் புதிதாக வாங்க வேண்டிவரும். மேம்பாலத்தைத் தவிர மேடே இல்லாத ஊரில் அது வீண் செலவு. நமக்கு எதிரி காற்று. ஆடியில் கும்பகோணம் பக்கம் போனால் மேல்காற்று முகத்தில் அறையும். அப்போது உதவுவது அடுத்தடுத்த பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை நெருக்கமாக இருப்பதுதான். 6 கியரில் வழக்கமான வரிசை 14-16-18-21-24-28. 7 கியர் ப்ரீவீலில் 14-16-18-20-22-24-28. உங்கள் லீவருக்குக் கிளிக் இல்லாததால் 7க்கும் அதுவே போதும். முன்னால் 42ஐ விட்டு நகர வேண்டாம்: 14 பல்லில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலே மணிக்கு 30 கி.மீ.

சிக்கல் கழற்றுவதில்தான். மிதிக்க மிதிக்க இறுகிய மரை அது. உங்கள் ப்ரீவீல் காடிக்குச் சரியாகப் பொருந்தும் ரிமூவர் (கழற்றும் கருவி) இல்லாமல் தொடாதீர்கள். காடி உடைந்தால் பட்டறைக்காரரும் கையை விரிப்பார். அச்சு நட்டால் ரிமூவரை லேசாகப் பிடிக்கவைத்து, அதைப் பட்டறை வைஸில் கவ்வி, சக்கரத்தையே ஸ்டீயரிங் போல இடப்பக்கம் திருப்புங்கள். ‘டக்’கென்று இளகியதும் நட்டைத் தளர்த்திவிட்டுத் தொடருங்கள். புதியதை மரையில் கிரீஸ் தடவி, முதலில் கையாலேயே ஏற்றுங்கள். மரை குறுக்கே ஏறினால் அலுமினிய ஹப் போயிற்று.

சிறிய பற்சக்கரத்தில் செயின் பிரேமை உரசினால், பின் அச்சின் இடப்பக்கத்து வாஷரில் 1-2 மி.மீ. கனத்தை வலப்பக்கம் மாற்றி, ரிம்மை நடுவுக்கு இழுத்துக் கோட்டம் எடுக்க வேண்டும். கடைசியாக டீரெய்லரின் ‘எல்’ திருகு (செயின் உள்பக்கம் போகும் எல்லையை வைப்பது): 28இல் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்து, செயின் ஸ்போக்குக்குள் விழாத அளவுக்கு முடுக்குங்கள்.

? செயின் அடிக்கடி துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

வேண்டாம், பிசினாகிவிடும். மண்ணெண்ணெயில் உப்பும் மண்ணும் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு செயின் ஆயில் விடுங்கள். அரை மணி கழித்து வெளிப்புறத்தை நன்றாகத் துடையுங்கள். மிஞ்சிய எண்ணெயில் வயல் சேறு ஒட்டி அரைக்கும். ஒரு பின்னின் நடுவில் அடி ஸ்கேலின் தொடக்கத்தை வைத்து, அதற்கு அடுத்த பின்னிலிருந்து 24 பின்னை எண்ணுங்கள், புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். 1/16 அங்குலம் கூடினால் மாற்றுங்கள். 1/8 ஆகும்வரை ஓட்டினால் ப்ரீவீலும் சேர்ந்து போகும்.