லேப் ரிப்போர்ட்ல டிரிப்டோஃபான் இல்லன்னா பால் பவுடர் போலியா?

பெங்களூரு அல்சூர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. அஞ்சு மாசக் குழந்தைக்குக் குடுக்குற ஃபார்முலா பவுடரை வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு மூலமா ஒரு லேப்ல அமினோ ஆசிட் டெஸ்ட்டுக்குக் குடுத்தாங்களாம், ரிப்போர்ட்ல டிரிப்டோஃபான், குளூட்டமின்ங்கிற ரெண்டு அமினோ ஆசிட்டும் "கண்டறியப்படவில்லை", சிஸ்டின்ங்கிற இன்னொண்ணு ரொம்பக் கம்மி, ஆனா புரோட்டீன் டப்பால போட்ட அளவுக்குச் சரியா இருக்கு. பவுடரை மாத்தணுமான்னு கேக்குறாங்க.

இந்த ரிப்போர்ட்டை வச்சு மாத்தாதீங்க. முதல்ல லேபுக்கு போன் போட்டு, ஹைட்ராலிசிஸ் (புரோட்டீனை அமினோ ஆசிடாப் பிரிக்கிறது) எப்படிப் பண்ணீங்கன்னு கேளுங்க. "ஆசிட் மட்டும்தான்"னு சொன்னா பதில் கெடச்சாச்சு.

புரோட்டீன்ல அமினோ ஆசிட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்து இருக்கும், அதப் பிரிச்சாதான் மெஷின்ல அளக்க முடியும், அதுக்காக பவுடரை 6 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல 110 டிகிரில 24 மணி நேரம் வைப்பாங்க. ஃபார்முலால லாக்டோஸ் (பால் சர்க்கரை) வேற நிறைய இருக்குறதால ட்யூப்பை வெளிய எடுக்கும்போது உள்ள டிகாக்ஷன் மாதிரி கருத்துப் போயிருக்கும். இந்தச் சூட்டுல டிரிப்டோஃபான் அழிஞ்சிடும். குளூட்டமின் அழியாது, குளூட்டமிக் ஆசிடா மாறி அந்தக் கணக்குலயே சேந்துக்கும், அதனால தனியா வரவே வராது. சிஸ்டினும் பாதிக்கப்படும்.

அதனால ஒழுங்கா செய்யுறவங்க மூணு தடவை தனித்தனியா பண்ணுவாங்க: பொதுவானதுக்கு ஆசிட், சிஸ்டின் மெத்தியோனினுக்கு முன்னாடியே பெர்ஃபார்மிக் ஆசிட் போட்டு ஆக்ஸிடைஸ் பண்ணிட்டு அப்புறம் ஆசிட், டிரிப்டோஃபானுக்கு சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரி காரம். டாரின்னு ஒண்ணு ரிப்போர்ட்ல பாத்தா, அது புரோட்டீன்ல கோத்து இருக்குறதே இல்ல, அதுக்கு வேற டெஸ்ட். செலவு கூடும்ங்கிறதால பல பேர் கேக்குறதில்ல, லேபும் சொல்றதில்ல (சொல்லணும், என்னைக் கேட்டா). என்ஏபிஎல் (லேபுகளுக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு) அங்கீகாரம்கூட டெஸ்ட் வாரியாத்தான், லேப் லிஸ்ட்ல டிரிப்டோஃபான் இருக்கான்னு பாத்துக்குங்க.

புரோட்டீன் சரியா வந்துடுச்சே போதாதான்னா, அந்த நம்பர் நைட்ரஜனை அளந்து 6.25ஆல பெருக்குறது, நைட்ரஜன் எதுல இருந்து வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. 2008ல சீனால பால்ல மெலமைன்ங்கிற பிளாஸ்டிக் கெமிக்கல் கலந்து ஏமாத்துனது இதே ஓட்டைலதான், மெலமைன்ல எடைக்கு 66 சதவீதம் நைட்ரஜன். அமினோ ஆசிட் டெஸ்ட்டுக்கு அதனாலதான் மதிப்பு, முழுசா பண்ணா.

டப்பாவோட ஒப்பிடும்போது 100 கிராம் பவுடருக்கா, கலக்குன 100 மில்லிக்கான்னு பாருங்க, நிறைய பேர் தடுக்கி விழுறது இங்கதான். லைசின்ங்கிற அமினோ ஆசிட் விஷயத்துல மட்டும் கொஞ்சம் உஷாரா இருங்க. சூட்டுல ரொம்ப நாள் கெடந்த பவுடர்ல லைசின் லாக்டோஸோட ஒட்டிக்கும், குழந்தை உடம்புக்கு அது உதவாது, ஆனா ஆசிட் அதுல ஒரு பங்கை திரும்பப் பிரிச்சுடும், ரிப்போர்ட் நல்லாவே தெரியும். பவுடர் பழுப்பா இருந்தா, லைசின் இப்படி ஒட்டியிருக்கான்னு காட்டுற ஃபியூரோசின் டெஸ்ட் கேளுங்க.

மறுபடி பண்றதா இருந்தா அதே பேட்ச்ல பிரிக்காத டப்பா குடுங்க. அதுலயும் சந்தேகம்னா உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40ல நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளர்கிட்ட குடுக்கலாம், ஆனா டெஸ்ட்டுக்குக் குடுக்கப் போறேன்னு வாங்குற கடைல சொல்லணும்.

குழந்தை எடை ஏறுதான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க, நீங்களா டிரிப்டோஃபான் சப்ளிமென்ட் எதுவும் கலக்காதீங்க.