கார்னியாவுக்கென்று தனி ஆய்வு மாநாடு எதற்கு?

கண்ணின் முன்னால் இருக்கும் ஒரு சின்னப் படலத்துக்குத் தனி மாநாடா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவைதான். கார்னியாவின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். அதில் ரத்தக்குழாயே கிடையாது. விழித்திருக்கும்போது ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாக எடுத்துக்கொள்கிறது.

இந்தக் கூட்டங்களில் உள்பக்கச் செல்கள் பற்றிய பேச்சுதான் முக்கியம் என்பேன். ஒற்றை அடுக்காக இருக்கும் எண்டோதீலியச் செல்கள் ஓயாமல் நீரை வெளியேற்றுவதால்தான் கார்னியா தெளிவாக இருக்கிறது. அவை அழிந்தால் மனிதரில் திரும்ப முளைப்பதில்லை என்றே சொல்லலாம். 1905இல் கண் மருத்துவர் எடுவார்ட் சிர்ம் கார்னியா மாற்று அறுவையில் வெற்றி கண்டார். அன்றிலிருந்து தானமாகக் கிடைக்கும் ஒரு கார்னியா பெரும்பாலும் ஒரு கண்ணுக்குத்தான். 2018இல் ஜப்பானின் கினோஷிதா குழு, ஆய்வகத்தில் பெருக்கிய எண்டோதீலியச் செல்களை 11 பேரின் கண்ணுக்குள் ஊசியால் செலுத்திக் கிடைத்த நல்ல பலனை வெளியிட்டது. ஒருவரின் தானம் பலருக்குப் போதும் என்றால் எவ்வளவு பெரிய ஆறுதல்!

அப்புறம், கண் பரப்பு. கார்னியாவின் ஓரத்தில், லிம்பஸில் உள்ள, கார்னியாவின் மேற்பரப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஸ்டெம் செல்கள் ரசாயனம் பட்டு அழிந்துவிட்டால், கார்னியாவை மட்டும் மாற்றினால் நிலைக்காது. அதனால்தான் அறுவை மருத்துவரும் செல் ஆய்வாளரும் ஒரே அரங்கில் உட்கார வேண்டியிருக்கிறது.