கையெழுத்துப் போட்டுவிட்டால் உரிமை போய்விடுமா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன். போன நவம்பரில் இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு டிரெக்கிங் குழுவுக்கு ஜிபேயில் 3,500 ரூபாய் கட்டி, 22 பேரோடு ஜவ்வாது மலைக்குப் போனேன். முந்தின இரவு நல்ல மழை. இறங்கும்போது பாசிப் பாறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு உடைந்துவிட்டது. வழிகாட்டி எங்கோ முன்னால் போய்விட்டார். முதலுதவிப் பெட்டிகூட இல்லை. உடன் வந்த நான்கு பேர் துப்பட்டாவால் கட்டுப் போட்டு, மாற்றி மாற்றித் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவர ஐந்து மணி நேரம் ஆனது. பிளேட் வைத்து ஆபரேஷன், இரண்டே கால் லட்சம் செலவு. நடத்தியவரைக் கேட்டால், ‘எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே’ என்கிறார். எனக்கு வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது, சகோதரி. அந்தப் படிவத்தைக் காட்டியே பலரை வாயடைக்க வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். மலை வழுக்கும், மூச்சு வாங்கும், அட்டை கடிக்கும் என்று தெரிந்துதான் போகிறேன் என்பதற்கு உங்கள் கையெழுத்து சாட்சி. நடத்துபவர் அலட்சியமாக இருக்கலாம் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியே எழுதி வாங்கியிருந்தாலும், பொது நலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிற 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவைக் காட்டி நாம் வாதாட முடியும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘வழுக்கி விழுந்தேன், நஷ்ட ஈடு கொடுங்கள்’ என்று மட்டும் எழுதினால் தோற்றுப் போவோம். மழைக்குப் பின் பாறை வழுக்கியதற்கு யாரும் பொறுப்பில்லை என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்லிவிடும். உங்கள் வழக்கின் உயிர் விழுந்ததற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. இரவு முழுக்க மழை பெய்தும் ஏன் அதே பாதையில் இறக்கினார்கள்? 22 பேருக்கு எத்தனை வழிகாட்டிகள்? கடைசி ஆளோடு யாராவது வந்தார்களா? முதலுதவிப் பொருள் ஏன் இல்லை? அந்த ஐந்து மணி நேரத்தில் நடத்தியவர் யாருக்குப் போன் செய்தார்? காசு வாங்கிக்கொண்டு செய்யாமல் விட்ட இவைதான் நுகர்வோர் சட்டம் சொல்லும் ‘சேவைக் குறைபாடு’. தாமதத்தால் காயம் மோசமானது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் இன்னும் பலம்.

அந்த 3,500 ரூபாய் எதற்கு என்பதும் முக்கியம். நண்பர்கள் வேன் வாடகையையும் சாப்பாட்டையும் பங்கு போட்டுக்கொண்ட பயணம் என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அவர்கள் அப்படித்தான் சொல்லப் பார்ப்பார்கள். விளம்பரப் பதிவு, கட்டண விவரம், ஜிபே ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் குரூப்பைவிட்டு வெளியேறாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். இவற்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி, மின்னணு ஆதாரங்களுக்கான ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு விபத்துப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். உங்களைச் சுமந்து வந்த அந்த நான்கு பேரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நினைவு மங்குவதற்குள் நடந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள்.

வனத்துறை அனுமதி வாங்கினார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அதன் பிறகுதான் இந்த அனுமதி விதிகள் கடுமையாயின. அனுமதி இல்லாமல் கூட்டிப் போயிருந்தால் அது அவர்களுக்கு எதிரான பெரிய ஆதாரம். மறைக்காமல் சொல்கிறேன்: காப்புக்காட்டுக்குள் நுழைந்ததற்காக உங்களிடமும் வனத்துறை கேள்வி கேட்கலாம். தெரியாமல் போனீர்கள் என்பதற்கும் அந்த விளம்பரமே சாட்சி.

முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட முடியும், திருவண்ணாமலைக்கோ திருப்பத்தூருக்கோ அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. வக்கீல் செலவுக்குப் பயந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

போலீஸ் புகாரும் தரலாம். எலும்பு முறிவு கொடுங்காயம், அலட்சியத்தால் அது நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவில் மூன்று வருடம் வரை தண்டனை. ஆனால் அதனால் ஆஸ்பத்திரிச் செலவு திரும்பி வராது. அதனால் நான் ஆணையத்தையே முதலில் சொல்வேன்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் இருந்தால் அதையும் விடாதீர்கள். ‘சாகச விளையாட்டு’ என்று சொல்லி க்ளெய்மை நிராகரித்தால், பாலிசியில் அந்த விலக்குப் பகுதியை எடுத்துப் படியுங்கள். வழக்கமான வாசகத்தில் அந்த விலக்கு, அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் விடுமுறைக்குப் போனவர். நிறுவனம் இறங்கி வராவிட்டால் சென்னையிலேயே இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது.