முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. கண் ஓரம் கீழே சரிந்திருக்கிறது, கன்னத்தில் எலும்பே இல்லாத மாதிரி இருக்கிறது, தாடை சின்னது, இரண்டு காது மடலும் சுருங்கி துவாரமே தெரியவில்லை. ட்ரீச்சர் காலின்ஸ் சின்ட்ரோம் என்கிறார் டாக்டர். கிரகணத்தன்று இவள் காய் நறுக்கியதால்தான் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு. முகத்துக்கு எப்போது ஆபரேஷன் செய்யலாம்? அடுத்த குழந்தைக்கும் வருமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கிரகணத்தை ஓரம் கட்டிவிடுவோம், அம்மா. கரு உண்டான நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முகத்தின் அடிப்படை அமைந்துவிடுகிறது, பலருக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கும். அந்தச் சமயத்தில் கன்னமாகவும் தாடையாகவும் காதாகவும் ஆக வேண்டிய செல்கள் போதுமான அளவு பெருகாமல் மடிந்துபோவதால் வருவது இது. காரணம் ஒரு மரபணுப் பிழை, பெரும்பாலும் 5-வது குரோமோசோமில் உள்ள டிசிஓஎஃப்1 என்ற மரபணுவில். சுமார் 50,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். 1900-ல் இதைப் பற்றி எழுதிய இங்கிலாந்துக் கண் மருத்துவரின் பெயர்தான் இதற்கு. கத்தரிக்காய்க்கும் கத்திக்கும் இதில் வேலையே இல்லை.

முகத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள், எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், எனக்கோ பையனின் காதுதான் கவலை. இவர்களுக்குப் பெரும்பாலும் உள்காதும் நரம்பும் நன்றாகவே இருக்கும், ஒலி உள்ளே போகிற பாதைதான் அடைபட்டிருக்கும். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள், அந்த நொறுக் சத்தம் எலும்பு வழியாகவே உள்ளே போகிறது இல்லையா, அதே வழியைப் பயன்படுத்துகிற கருவி இருக்கிறது. தலையில் மாட்டும் துணிப் பட்டையில் சின்னப் பெட்டி ஒன்று, காதுக்குப் பின்னால் எலும்பில் பட்டு அதிரும். கைக்குழந்தைக்கே போடலாம். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருகின்றனவா என்று பார்க்கும் பெரா சோதனை எடுத்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே எடுங்கள். பொதுவாக இந்தக் குழந்தைகளுக்கு அறிவில் குறை கிடையாது. காது கேட்காமல் பேச்சு தாமதமாகி, அதைப் பார்த்து 'மந்தம்' என்று ஊர் முடிவு கட்டுவதுதான் கொடுமை.

அப்புறம் மூச்சு. தாடை சின்னதாக இருப்பதால் மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கலாம். குறட்டை, இழுத்து இழுத்து மூச்சு, பால் குடிக்கையில் திணறல் எதுவாவது இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், தாடை ஆபரேஷன் சீக்கிரம் தேவைப்படுவது இதற்காகத்தான். தூங்கும்போது இமை முழுதாக மூடுகிறதா என்றும் பாருங்கள், மூடாவிட்டால் கண் உலர்ந்துபோகும். கன்ன எலும்பு, காது மடல் வேலையெல்லாம் பள்ளிக்கூட வயதில்தான். மடலை விலாப் பக்கத்துக் குருத்தெலும்பை எடுத்துச் செதுக்குவார்கள், அதற்கு அந்த எலும்பு வளர்ந்திருக்க வேண்டுமே.

அடுத்த குழந்தை? பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவே வருகிறது, அப்படியானால் மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 50 சதவீதம். சிலருக்கு இது கண் லேசாகச் சரிந்திருப்பதோடு நின்றுவிடும், யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். அதனால் மகள், மருமகன் இருவருமே மரபணு ஆலோசகரைப் பார்க்கட்டும், போகும்போது இரண்டு வீட்டுப் பழைய ஆல்பங்களையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டு ஆல்பத்தையும்தான்.