உடைந்துபோன என்னைத் தேவன் நேசிக்கிறார் என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

"தேவன் எல்லாரையும் நேசிக்கிறார் என்று நம்புகிறேன், என்னையும் என்றால்தான் மனம் ஒப்பவில்லை. ஒரே புலம்பலை ஜெபமென்று சொல்லி எனக்கே அலுத்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊகம்தான்: நீங்களும் சபையிலேயே வளர்ந்து, சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவராக இருப்பீர்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

எனக்கு மனச்சோர்வு நோய். மாத்திரை சாப்பிடுகிறேன். ஊர் நெல்லைப் பக்கம். நோய் முற்றியிருந்தபோது ஆலயத்துக்குப் போவதே நின்றுபோனது. கோபமெல்லாம் இல்லை, குளித்துச் சட்டை மாட்டத் தெம்பில்லை. வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்களில் ஒருவர், "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்று அம்மா எதிரிலேயே கேட்டார். கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்தான் அவர். 'பிரியமான வைத்தியனாகிய லூக்கா' என்று பவுல் எழுதியதைப் படித்திருக்கமாட்டாரா?

அந்த வருஷ அசனப் பண்டிகைக்கும் நான் போகவில்லை. தெரியாதவர்களுக்கு: அசனம் என்பது ஊர்கூடி ஆக்கி, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் சபை விருந்து. மத்தியானம் உபதேசியார் (ஐயருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் ஊழியர்) தூக்குவாளியில் சோறும் கறிக்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். "ஆறிரும், சாப்பிடுடே" என்றார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஜெபிக்கட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, போய்விட்டார். நான் சாப்பிட்டேன். அவ்வளவுதான். நோய் அன்றைக்குக் குணமாகவுமில்லை.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஐ அதற்கு அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசி, தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்புகிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். அதற்கும் திட்டு விழவில்லை, இரண்டாம் தரமும் சாப்பாடுதான். பிறகு ஓரேப் மலையில் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்க, ஒரு புலம்பல் புலம்புகிறார். சற்று நேரத்தில் அதையே ஏறக்குறைய வார்த்தை மாறாமல் மறுபடி சொல்கிறார். கர்த்தர் கோபிக்காமல் அடுத்த வேலையைக் கொடுத்து, துணைக்கு எலிசா என்ற ஆளையும் காட்டுகிறார். நெஞ்சு உருகினால்தான் அன்பை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்று நினைத்திருந்தேன். வைத்ததைச் சாப்பிடுவதும் கணக்கில் சேரும்போல.

"வசனத்தை வளைக்கிறான்" என்று சிலர் வருவார்கள். நான் இறையியல் படித்தவனில்லை. மனந்திரும்புதல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ரோமர் 5:8 'நாம் பாவிகளாயிருக்கையில்' என்றுதானே சொல்கிறது, திருந்திய பிறகு என்றா இருக்கிறது?

எனக்குத் தீராத வருத்தம், தேவன் செய்த நன்மையை ஆராதனையில் எழுந்து சொல்லும் இந்தச் சாட்சி நேரத்தின் மேல்தான். கடன் அடைந்தவர், விசா கிடைத்தவர், கட்டி கரைந்தவர் இவர்களுக்குத்தான் மைக். இன்னும் மாத்திரையில் இருப்பவரை யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதை ஞாயிறு ஆராதனையில் வாசித்துக் கேட்டதுமில்லை. சேகரத் தேர்தல் (சபை நிர்வாகத்துக்கான தேர்தல்) வந்தால் மட்டும் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள், ஓட்டுக்காக. அதிலும் இரண்டு கோஷ்டி. சரி, விடுங்கள்.

தூக்கமில்லை, சாகலாம் போலிருக்கிறது என்ற நிலை இருந்தால் ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். 14416 டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.