கூடு கட்டிய மரமும் மதில் மேல் பூனையும்

கேள்வி: வாசல் ரம்புத்தான் மரத்தில் கொண்டைக்குருவி மூன்று முட்டை இட்டிருக்கிறது. இரண்டு பூனைகள் மரத்தடியை விட்டு நகர்வதில்லை. கூட்டைச் சுற்றி வலை கட்டலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: வேண்டவே வேண்டாம். வலையில் தாய்ப்பறவைதான் முதலில் சிக்கும். கூட்டை விட்டுவிட்டு, பூனை ஏறும் வழியை அடைத்துவிடுங்கள். ஹார்ட்வேர் கடையில் இரண்டடி அகலத் தகரம் வாங்கி அடிமரத்தைச் சுற்றி வளைத்துக் கம்பியால் கட்டுங்கள், ஆணி அடிக்காதீர்கள். மரப்பட்டையில் பிடிக்கும் நகம் தகரத்தில் வழுக்கும். தகரத்தின் மேல்விளிம்பு ஆறடிக்கு மேல் இருக்கட்டும். தாழக் கட்டினால் ஒரே தாவலில் தாண்டிவிடும்.

பலரும் கோட்டை விடுவது மதிலையும் கார் கொட்டகைக் கூரையையும். அங்கிருந்து கிளைக்குத் தாவ முடிந்தால் தகரம் கட்டியும் பயனில்லை. மதில் பக்கம் நீளும் கிளையை மட்டும், தாய் இரை தேடிப் போன நேரத்தில் சட்டென்று வெட்டிவிடுங்கள். கூட்டை மறைக்கும் இலைகளைத் தொடாதீர்கள். காக்கையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. முட்டை பொரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு கூட்டை விட்டு இறங்க இன்னும் இரண்டு வாரம். அப்புறம் தகரத்தைக் கழற்றிவிடலாம்.

கேள்வி: கூட்டைச் சுற்றும் பூனை பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) வளர்ப்பது. சண்டை வராமல் எப்படிச் சொல்வது?
– வாசகர், கெப்போங்

பதில்: குறை சொல்லிக்கொண்டு போகாதீர்கள். கூட்டைத் தள்ளி நின்று காட்டி, "குஞ்சு பறக்கும் வரை காலையிலும் சாயங்காலமும் பூனையை உள்ளே வைத்துக்கொள்ள முடியுமா, மக்சிக்?" என்று கேளுங்கள். நாள் குறித்துக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். பூனையை விரட்டத் தண்ணீர் பாட்டில் அடுக்கும் நம் ஊர் வைத்தியத்தை நம்பாதீர்கள். அந்தப் பாட்டிலில் சாய்ந்தே பூனை தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் பூனைக்கு மணி கட்டினால் போதுமா?
– வாசகி, பங்சார்

பதில்: போதாது. 2021இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், மணி கட்டியதால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. தானியம் சேராத, இறைச்சி மிகுந்த உணவு கொடுத்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25 விழுக்காடு. வீட்டுக்குள் வைத்திருப்பதற்கு இதெல்லாம் ஈடாகாது.

கேள்வி: பூனை வாயிலிருந்து ஒரு குஞ்சைப் பிடுங்கினேன். காயம் எதுவும் இல்லை. கூட்டில் விடலாமா?
– வாசகர், செராஸ்

பதில்: வேண்டாம். பூனைப் பல் பட்ட துளை இறகுக்குள் தெரியாது. எச்சிலில் உள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பூனை தொடாமல், இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் திரியும் குஞ்சு என்றால் கதை வேறு. பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டு விலகுங்கள், தாய் வந்து ஊட்டும். மனித வாடைக்குத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு.

கேள்வி: தெருப்பூனைக்கு விஷ மருந்து வைத்துவிடலாமா?
– பெயர், ஊர் இல்லாத கடிதம்

பதில்: மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டப்படி 20,000 முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதைத் தின்று செத்த எலியைக் கொத்தும் காக்கை, பக்கத்து வீட்டு நாய் என்று அந்த மருந்து யாரிடமும் போகும். மரத்தடியில் சோறு வைக்கும் பழக்கம் இருந்தால், அந்தத் தட்டைத் தெருக்கோடிக்கு மாற்றுங்கள்.